வெந்நீர்க் குளியலில் கரையும் வாயுவும் உப்பும்

ஜப்பானிய வீடுகளில் உடலின் அழுக்கைத் தொட்டிக்கு வெளியிலேயே கழுவிவிட்டு, சூடேற்றிக்கொள்வதற்காக மட்டுமே வெந்நீர்த் தொட்டியில் இறங்குவது வழக்கமாதலால், அந்நீரில் கலக்கும் பொருள்களைப் பற்றிய அக்கறையும் அங்கு நெடுநாளாக இருந்து வருகிறது. 1897-இல் மூலிகைக் கலவையாகக் கடைக்கு வந்த குளியல் சேர்மானம், 1983-இல் கரியமில வாயுவை வெளியிடும் வில்லையாகவும் விற்பனைக்கு வந்தது.

சேர்மானம் எதுவாயினும் முதற்பணியைச் செய்வது நீரின் வெப்பமே. ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ் அளவிலுள்ள தோல் 40 டிகிரி நீரில் அமிழும்போது, தோலடி இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் வழியே பாயும் இரத்தம் பெருகி, நீரிலிருந்து பெற்ற வெப்பத்தை உடலின் உட்பகுதிக்குக் கொண்டு செல்கிறது. அதே வேளையில் நீரின் அழுத்தம் கால்களில் தேங்கிய இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது.

கரியமில வாயு இந்நிகழ்வை மேலும் வலுப்படுத்துகிறது. சமையல் சோடாவும் அமிலமும் சேர்ந்த வில்லை நீரில் கரையும்போது பிறக்கும் இவ்வாயு, கொழுப்பில் கரையும் தன்மையுடையதாதலால் தோலை எளிதில் ஊடுருவி, நுண்தமனிகளின் தசையைத் தளர்த்துகிறது. வாயு மிகுந்த நீரில் அமிழ்ந்த பகுதி மட்டும் சிவந்து, நீர்மட்டத்தை ஒட்டித் தெளிவான கோடு தெரிவது இதன் கண்கூடான அடையாளம். வாயு செறிந்த இடத்தில் இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எளிதாக விடுவிக்கும் என்பதை, 1904-இல் டென்மார்க் உடலியலாளர் கிறிஸ்டியன் போரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் விளக்கினர். குளிரை உணரும் நரம்பு முனைகளையும் இவ்வாயு மட்டுப்படுத்துவதால், சற்றுக் குறைந்த சூடுள்ள நீரும் இதமாகவே தோன்றுகிறது. எனினும் இவ்விளைவுகள் வாயுவின் அளவைப் பொறுத்தவை. ஜெர்மனியின் பாட் நௌஹைம், ஜப்பானின் நகாயு போன்ற இயற்கை ஊற்றுகளின் செறிவு வீட்டு வில்லையில் கிடைப்பதில்லை.

உப்புகள் செயல்படும் முறை வேறு. சோடியம் சல்பேட், சமையலுப்பு போன்றவை குளித்தபின் தோலின் மீது மெல்லிய படலமாகப் படிந்து, ஈரம் ஆவியாவதையும் அதனுடன் வெப்பம் வெளியேறுவதையும் குறைப்பதால், தொட்டியை விட்டு எழுந்த பிறகும் கதகதப்பு நீடிக்கிறது.

குழாய்கள் விரியும்போது இரத்த அழுத்தம் தாழ்வதால், தொட்டியிலிருந்து விரைந்து எழும் முதியோருக்கு மயக்கம் வரலாம். மிகு சூட்டில் நெடுநேரம் இருந்தால் தொட்டிக்குள்ளேயே நினைவிழந்து மூழ்கவும் கூடும். குளிர்காலந்தோறும் இத்தகைய மரணங்களைக் காணும் ஜப்பானில், நுகர்வோர் விவகார முகமை நீரின் சூட்டை 41 டிகிரிக்குள்ளும் அமிழும் நேரத்தை 10 நிமிடத்துக்குள்ளும் வைத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறது. இதய நோயாளிகளும், நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியோரும் மருத்துவரைக் கலந்தாலோசிப்பது அவசியம். சேர்மானம் தரும் இதத்தை நம்பி நீரின் சூட்டை ஓரிரு டிகிரி குறைத்துக்கொள்ள முடிவதே முதியவர் ஒருவருக்கு அதனால் விளையும் பெரும் பயனாகும்.