கூரை திறந்த காரா? அடியையும் பாருங்கள்!

சிங்கப்பூரில் புக்கிட் மேரா பக்கம் போனால், அலெக்சாண்டிரா சாலையிலும் லெங் கீ சாலையிலும் கார் விற்பனைக் கூடங்களைக் காணலாம். கண்ணாடிக்குப் பின்னால் புதுக் கார்கள் பளபளக்கும். ஆனால், கார்ப் பித்துப் பிடித்தவர்கள் ஏங்குவதோ பழைய கார்களுக்கு!

அவற்றுள் ஒன்று, ஜெர்மனியின் மெர்சிடிஸ் பென்ஸ் 280 எஸ்.இ. 3.5. துணிக் கூரையை மடித்துப் பின்னே தள்ளிவிடலாம். முகப்பில் மரவேலைப்பாடு; உள்ளே எட்டு சிலிண்டர் இன்ஜின். கூரை மடியும் இந்த ரகத்தில் 1969 முதல் 1971 வரை செய்தவை 1,232 கார்கள்தாம். புதுப்பித்த கார் ஒன்று விற்பனைக்கு வந்தால், விலை சில லட்சம் அமெரிக்க டாலர்!

சிங்கப்பூரில் பழைய கார் பிழைத்திருப்பதே பெரிய காரியம். 1990 மே மாதம் முதல் அங்கே கார் வைத்திருக்க உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. பிறகு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். இல்லையேல் கார் உடைப்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடும். 2023 அக்டோபரில் பெரிய காருக்கான சான்றிதழ் மட்டும் 150,001 வெள்ளி! 35 வயதான கார்களுக்குத் தனித் திட்டம் உண்டு. ஆனால், ஆண்டில் 45 நாள்தான் ஓட்டலாம்.

"தோட்டத்தில் இருக்கும் நமக்கு இது எதற்கு?" என்கிறீர்களா? நாளை உங்கள் மகன் பழைய கார் ஒன்றை வாங்க நினைக்கலாம். அப்போது போவது உங்கள் சீட்டுப் பணமல்லவா? ஆகவே, இதைக் கேளுங்கள்.

கூரையுள்ள காரில் மேற்பகுதியும் பாரம் தாங்கும். கூரை மடியும் காருக்கு அடிப்பாகமே முதுகெலும்பு. அங்கே துரு ஏறினால் வண்டி நடுவில் தொய்யும். கதவு சரியாகப் பொருந்தாது. மேலே எத்தனை முறை சாயம் அடித்தாலும் பயனில்லை.

எந்தப் பழைய காருக்கும் சோதனை ஒன்றுதான். கால்விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றி, இரும்புத் தகட்டின் மேல் வையுங்கள். ஒட்டாத இடத்தில் தடிமனாகப் பட்டி பூசியிருக்கலாம். இன்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறவர்களே குனிந்து அடியைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு போகும் நாம் குனிந்து பார்க்கக் கூச்சப்படலாமா?