இரண்டு அறைகளில் ஒரு மூச்சு

நம் நெஞ்சுக்கூட்டுக்குள் இறைவன் ஒரு வெற்றிடம் போன்ற இடைவெளியை வைத்திருக்கிறான். நுரையீரலைப் போர்த்திய சவ்வு ஒன்று, விலாச் சுவரின் உட்புறத்தை மூடிய சவ்வு இன்னொன்று. நடுவே சில மில்லிலிட்டர் நீர். ஈரமான இரண்டு கண்ணாடித் தகடுகள் பிரியாமல் வழுக்குவதுபோல அவை ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. அந்த இடைவெளியின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. ஆணியும் கயிறும் இல்லாமல், சுமார் 30 கோடி காற்றுப் பைகள் கொண்ட நுரையீரலை விரித்து வைத்திருப்பது அந்தக் குறைவுதான். யானைக்கு இந்த இடைவெளியே இல்லை. அங்கே சவ்வுகள் இரண்டும் இணைப்புத் திசுவால் ஒட்டியிருக்கின்றன. நமக்கோ வலப்புறம் ஓர் அறை, இடப்புறம் ஓர் அறை எனத் தனித்தனியே பிரித்துத் தந்திருக்கிறான்.

இப்படி இயங்கும் மூச்சின் அருமை கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் மக்களுக்கு நன்றாகப் புரியும். அங்கிருந்த சாம்பியன் ரீப் சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதற்குள் உழைத்தன. தங்கம் ஒளிந்திருந்த குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது சிலிக்காத் தூசு பறந்தது. மூக்கு முடியும் சளியும் பெரிய துகள்களைத் தடுத்துவிடும். ஐந்து மைக்ரானுக்கும் சிறியவை காற்றுப் பை வரை போய்விடும். அங்கே காவல் காக்கும் செல்கள் அவற்றை விழுங்கி, செரிக்க முடியாமல் மடிகின்றன. அந்த இடம் தழும்பாகி இறுகுகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்நோய் 1947-இல் கோலார் தங்கச் சுரங்கத்திலிருந்துதான் முதலில் பதிவானது என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றன. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஆனால் தூசை விட்டு விலகிய பிறகும் இந்நோய் முற்றக்கூடியது.

இப்படி நலிந்த நுரையீரலில் காற்றுக் கசிந்தாலோ, அதைச் சுற்றி நீர் கோத்தாலோ, உள்ளே சந்தேகக் கட்டி தென்பட்டாலோ அறுவை தேவைப்படலாம். வழக்கமான முறையில் முழு மயக்கம் கொடுத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்து, மூச்சுக்குழாயில் குழாய் செருகி, எந்திரத்தால் சுவாசம் தருவார்கள். பலவீனமான நுரையீரலுக்கு எந்திரம் தள்ளும் காற்றின் அழுத்தமே பாரமாகலாம். எந்திரத்திலிருந்து மீள்வதும் கடினமாகலாம்.

இதற்கு மாற்றான, குழாய் செருகாத முறையில் நோயாளி தானாகவே மூச்சு விடுகிறார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுத்தண்டருகிலோ விலா நரம்புகளிலோ மரப்பு மருந்து செலுத்தி, முகமூடி வழியே ஆக்சிஜன் தருவார்கள். நோயாளி விழித்திருக்கலாம், லேசான உறக்கத்திலும் இருக்கலாம். விலாவிடையில் சிறு துளை போட்டதும் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. அந்தப் பக்க நுரையீரல் தானே சுருங்கி, கேமராவுக்கும் கருவிக்கும் இடம் விடுகிறது. இருமலைத் தூண்டும் வேகஸ் நரம்பையும் மருந்தால் அமைதிப்படுத்துவார்கள். மறு அறையிலுள்ள நுரையீரலும் உதரவிதானமும் தம் வேலையை நிறுத்துவதில்லை. இரத்தத்தில் கரியமிலவாயு சற்றுக் கூடும். அளவோடு இருந்தால் உடல் அதைத் தாங்கிக்கொள்ளும்.

1910-இல் சுவீடனின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஜேக்கோபியஸ் மார்புக்குள் கருவி விட்டுப் பார்க்கும் முறையை அறிவித்தார். இத்தாலியின் யூஜெனியோ பொம்பேயோ குழுவினர், விழித்திருக்கும் நோயாளிகளின் நுரையீரல் கட்டிகளை இப்படி அகற்றியதை 2004-இல் வெளியிட்டனர். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. மிகுந்த உடல் பருமனும் நுரையீரல் விலாச் சுவரோடு ஒட்டிக்கொண்ட நிலையும் தடைகள். அவசரத்துக்குக் குழாயைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொடங்குவார்கள். சிலிக்கோசிஸ் தழும்பை இம்முறை அழித்துவிடாது. ஆனால் எந்திரத்தைத் தாங்காத உடலுக்கும் அறுவை செய்யும் வழி ஒன்று திறந்திருக்கிறது. மருத்துவனின் கை அங்கே படைத்தவனின் ஏற்பாட்டை மதித்து, அதன் துணையோடு வேலை செய்கிறது.

கல்குவாரியிலும் கிரானைட் பட்டறையிலும் கிணறு தோண்டும் இடத்திலும் இன்றும் அதே தூசு பறக்கிறது. தண்ணீர் தெளித்தே துளையிடுங்கள். தூசைத் தடுக்கும் தரமான முகக்கவசம் அணியுங்கள். மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் எக்ஸ்-ரே எடுத்து, செய்த வேலையை மருத்துவரிடம் சொல்லுங்கள். இறைவன் தந்த நுரையீரலைக் காப்பதும் அவனுக்குச் செய்யும் வழிபாடே.