நீருக்கு மேலே பாறைக் கூரை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், போன் டெர் ஈயச் சுரங்கம் 1962-இல் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் நிலத்தடி நீர் நிரம்பியது. இன்று ஸ்கூபா முக்குளிப்பவர்கள் அங்கே தாது வண்டிகளையும் பாறைத் தூண்களையும் சுற்றிப் பார்க்கிறார்கள். அலையில்லை, நீரோட்டமில்லை, 100 அடி தூரம்கூடப் பளிச்சென்று தெரிகிறது. கடலைவிடப் பத்திரம்தானே என்று தோன்றும். அந்தத் தெளிவை அப்படியே நம்ப முடியாது. திறந்த கடலில் கோளாறு என்றால் நேரே மேலே வரலாம். இங்கே பல இடங்களில் தலைக்கு மேல் பாறைக் கூரை. துடுப்பு தரையில் பட்டால் போதும், வண்டல் கிளம்பி நம் கையே நமக்குத் தெரியாது. அதனால்தான் குகை, சுரங்க முக்குளிப்பில் காற்றை மூன்று பங்காக்குகிறார்கள்: போக ஒன்று, திரும்ப ஒன்று, ஆபத்துக்கு ஒன்று. வழிகாட்டியும் மின்விளக்கும் உண்டே என்றால், உண்டுதான். ஆனால் ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸ் குளிரில் பதறினால் மூச்சு வேகமாகும், சிலிண்டரும் சீக்கிரம் காலியாகும்.