புத்தகப்பையில் வெட்டுகத்தி: சட்டம் சொல்வது என்ன?

எங்கள் குமரி மாவட்டத்தில் வெட்டுகத்தி இல்லாத வீடு அரிது. நாஞ்சில் நாட்டு வயல்காரர் வீட்டில் கதிர் அரிவாள் இருக்கும். பனையேறுபவரிடம் பாளை அரிவாள் இருக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ரப்பர் பால்வெட்டும் கத்தி. எங்கள் மாணவர்கள் இவற்றைப் பார்த்தே வளர்கிறார்கள். விடுமுறை நாளில் தேங்காய் வெட்டவும் விறகு கீறவும் கையில் எடுக்கிறார்கள்.

அதே கருவி ஒருநாள் புத்தகப்பைக்குள் வந்தால் அது ஆயுதமா? கொண்டுவந்த மாணவர் குற்றவாளியா? 2023 ஆகஸ்டில், பக்கத்து மாவட்டமான திருநெல்வேலியின் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவருடைய தங்கையையும் அதே பள்ளி மாணவர்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகு இக்கேள்விகளை எந்த ஆசிரியரும் தள்ளிவைக்க முடியாது.

துப்பாக்கிக்கு வயது 21

ஆயுதச் சட்டம், 1959இன் பிரிவு 9இன்படி, 21 வயது நிறைவடையாத எவரும் துப்பாக்கியையோ தோட்டாவையோ வாங்கவோ, வைத்திருக்கவோ, எடுத்துச் செல்லவோ கூடாது. முதலில் 16 ஆக இருந்த இந்த வயது வரம்பு, 1983ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 21 ஆக உயர்த்தப்பட்டது. அந்த வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு விற்பதும் கொடுப்பதும் குற்றமே. தந்தையிடம் உரிமம் இருப்பது மகனுக்கு உரிமை ஆகாது. என்.சி.சி. மாணவர் தம் கடமையின்போது துப்பாக்கியைக் கையாளச் சட்டமே விலக்கு அளிக்கிறது.

கருவியா, ஆயுதமா?

கூர்முனை ஆயுதங்களும் இச்சட்டத்தில் வருகின்றன. ஆனால் வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட பொருள்கள் ‘ஆயுதம்’ என்ற வரையறைக்குள் வருவதில்லை. சாதாரணக் கைத்தடியும் அப்படியே. ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி ஆகியவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியும் இடம்பெறுகிறது. அங்கும் வீட்டு, விவசாய, தொழில் கருவிகளுக்கு விலக்கு உண்டு.

இதைக் கேட்டு, “அப்படியானால் அரிவாளுக்குச் சட்டமே இல்லையா சார்?” என்று மாணவர்கள் கேட்கக்கூடும். விலக்கு கருவிக்குத்தான், அதை வைத்துச் செய்யும் செயலுக்கு இல்லை என்பதை வகுப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும். கருவியைக் காட்டி மிரட்டினால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 351 பாயும். சுட, குத்த, வெட்டப் பயன்படும் எந்தக் கருவியாலும் காயப்படுத்தினால் பிரிவு 118 பாயும். பேனாக்கத்திக்கும் இது பொருந்தும்.

பிள்ளையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது?

7 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் செயல் குற்றமாகாது. 7 முதல் 12 வரை, விளைவை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்பது பார்க்கப்படும். 18 வயது வரை இளைஞர் நீதிச் சட்டம், 2015 பொருந்தும். மாணவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 16 வயது நிறைந்தவர் கொலை போன்ற கொடுங்குற்றத்தில் ஈடுபட்டதாகச் சொல்லப்பட்டால், குழுமம் முதல்கட்ட மதிப்பீடு செய்யும். அதன்பின் வழக்கு, பெரியவர்போல் விசாரிக்கப்படுவதற்காகக் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகவும் கூடும். “சின்னப் பையனை ஒன்றும் செய்ய மாட்டார்கள்” என்று மேல்நிலை வகுப்புகளில் உலவும் பேச்சு தவறானது. சிறுவர்களைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்குப் பிரிவு 83இன்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

பள்ளியில் நாம் செய்யக்கூடியவை

• முதலில் மற்ற மாணவர்களை அப்புறப்படுத்துங்கள். கருவியைப் பறிக்கப் போராட வேண்டாம். அமைதியாகப் பேசிக் கீழே வைக்கச் செய்யுங்கள்.

• தலைமையாசிரியரிடம் உடனே தெரிவியுங்கள். மிரட்டலோ காயமோ இருந்தால் காவல் நிலையத்தின் குழந்தைகள் நலக் காவல் அலுவலரை அழைப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. 1098 உதவி எண்ணையும் அழைக்கலாம்.

• அடிக்கவோ, வகுப்பின் முன் நிறுத்தி அவமானப்படுத்தவோ வேண்டாம். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 தடை செய்கிறது.

• படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மாணவரின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74இன்படி தண்டனைக்குரியது.

• யாரை நினைத்துக் கொண்டுவந்தார் என்று தனியே கேளுங்கள். மிரட்டப்பட்ட மாணவர் ஒருவர் இருந்தால் அவருடைய பாதுகாப்பை அன்றே உறுதி செய்யுங்கள். வீட்டுக்குப் போகும் வழியும் பேருந்தும் அதில் அடங்கும்.

பையைச் சோதித்தால் கத்தி கிடைக்கும். அதைக் கொண்டுவர வைத்த காரணம் கிடைக்காது. பேருந்துச் சண்டை, கேலி, தன்னை அடித்துவிடுவார்களோ என்ற பயம், சாதிப் பகை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். நாங்குநேரிக்குப் பின் அரசு அமைத்த நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் பொட்டுகளையும் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கையில் கயிறு மாறுவதையும், இடைவேளையில் ஒரு மாணவர் தனியே ஒதுங்குவதையும் முதலில் காண்பவர்கள் நாம்தான். அந்த நாளிலேயே அவரிடம் பேசிவிட்டால், வெட்டுகத்தி வீட்டு இறவாணத்திலேயே இருக்கும்.