சூடு இல்லை, ஈரம்

பழவேற்காடு ஏரியில் இறால் தடவும் இருளர் பெண்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு உவர்நீரில் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். மணிக்கணக்கில் அப்படியே. கரையேறிய பிறகும் நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கிடக்கும். மாற்றிக்கொள்ள மறைவிடம் கிடைப்பது அரிது.

விரலிடுக்கு வெளுத்து வெடித்தால் சேற்றுப்புண் என்று வெளியே சொல்லலாம். பிறப்புறுப்பில் வரும் அரிப்பையும் எரிச்சலையும் யாரிடம் சொல்வது? சொன்னாலும், "உடம்புச் சூடு, மோர் குடி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பல நேரங்களில் அதற்குக் காரணம் சூடு இல்லை. கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை.

இந்தப் பூஞ்சை ஏரித் தண்ணீரிலிருந்து தொற்றிக்கொள்வதில்லை. நம் வாயிலும் குடலிலும் பிறப்புறுப்பிலும் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான். அங்கேயே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை அடக்கி வைத்திருக்கும். காய்ச்சலுக்கும் சளிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாடிக், அந்த நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. அப்போது பூஞ்சை பெருகும். கர்ப்பக் காலத்திலும், சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதபோதும் பெருகும். காற்றுப்படாத ஈரத்துணி தோலை ஊறவைத்து அதற்கு வழிவிடுகிறது. நான்கு பெண்களில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும் என்கிறது மருத்துவம். ஒழுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

வெள்ளைப்படுதல் எல்லாமே ஈஸ்ட் தொற்று அல்ல. திரிந்த பால்போலத் திட்டுத்திட்டாக, நாற்றமில்லாமல், அரிப்போடு வந்தால் ஈஸ்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன் கவிச்சி அடித்தாலோ, பச்சையாகவோ மஞ்சளாகவோ போனாலோ அது வேறு தொற்று, மருந்தும் வேறு. அதனால் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும். சோப்பு போட்டு உள்ளே கழுவுவதும் கெடுதல்தான்.

சரியான மருந்து எளியது: குளோட்ரிமசோல் களிம்பு அல்லது உள்ளே வைக்கும் மாத்திரை, சிலருக்கு ஃப்ளூகோனசோல் ஒரே வேளை. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் விழுங்கக்கூடாது. ஆண்டில் மூன்று முறை வந்தால் சர்க்கரை அளவைப் பார்த்தே ஆகவேண்டும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருபவர்களிடமே அதைக் கேட்கலாம்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த பருத்தித் துணிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று எழுதுவது சுலபம். எங்கே மாறுவது? இறால் இறங்கும் கரைதோறும் தட்டி அடைத்த ஓர் அறையும் ஒரு நல்ல தண்ணீர்க் குழாயும் வேண்டும். ஊராட்சிகளும் மீன்வளத் துறையும் அதை முதலில் செய்து தரட்டும்.