மண்ணில் பிறந்த நாதம்

மதுரைக் கோரிப்பாளையத்தை அடுத்து ஓடும் வையையாறு தென்கிழக்கே சென்று மானாமதுரையை அடைகின்றது. அவ்வூர்க் குயவர் ஆக்கும் கடம் இசையரங்குகளில் பெரும்புகழ் பெற்றது.

தண்ணீர்க் குடமும் கடமும் தோற்றத்தில் ஒத்தவை, ஆக்கத்தில் வேறுபட்டவை. களிமண்ணோடு மணலும் உலோகப் பொடியும் கலந்து, மிதித்துப் பதமாக்கிச் சக்கரத்தில் வனைவர். சிறிது உலர்ந்தபின், உள்ளே கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான முறை தட்டுவர். தட்டத் தட்டச் சுவர் இறுகி, எங்கும் ஒரே தடிப்பாகும். ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருப்பின் நாதம் சீராக எழாது.

வீணையின் நரம்பை முறுக்கிச் சுருதி கூட்டலாம். கடத்தின் சுருதியோ சூளையிலேயே நிலைத்துவிடும். மண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஆதலின் வேண்டிய சுருதியை முன்னரே கருதி அளவமைத்தல் வேண்டும். சூளையில் விரிசல் கண்டால் உழைப்பனைத்தும் வீணாம்!

ஸ்பெயின் நாட்டில் பிளமேங்கோ கிதார் செய்யும் கைவினைஞரும் மெல்லிய பலகையை விரலால் தட்டிச் செவியாலேயே பதம் அறிவர். 1970களில் ‘சக்தி’ இசைக்குழுவில் ஜான் மெக்லாலினின் கிதாரும் விக்கு விநாயகராமின் கடமும் இணைந்து உலகோரை மகிழ்வித்தன.

மானாமதுரை மட்பாண்டம் 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மாணவர்களே, கடம் வாசிக்கும் விரல்களைப் போற்றுகின்றோம். அரங்கில் தோன்றாத குயவரின் கைகளையும் போற்றுவோமாக.