கணினி தொடங்க மறுக்கிறதா? ஃபார்மட் செய்வதற்கு முன் கவனியுங்கள்!

பிள்ளைகளின் படங்கள், கடைக் கணக்கு, சான்றிதழ்களின் நகல்கள் என எல்லாவற்றையும் இன்று கணினியில்தான் சேமித்து வைக்கிறோம். ஒருநாள் அது தொடங்க மறுத்தால் பதறிப்போய் சர்வீஸ் கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். "ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று சொன்னால் உடனே தலையாட்டி விடுகிறோம். ஆனால் கணினி தொடங்கவில்லை என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தமல்ல. எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே கோளாறு எங்கே என்பதை நாம் ஓரளவு கண்டுபிடித்து விடலாம்.

1. எந்த அசைவும் இல்லை

விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்றால் முதலில் மின்சாரத்தைச் சோதிக்க வேண்டும். யூ.பி.எஸ்.ஸைத் தவிர்த்து நேரடியாக வேறு ப்ளக்கில் இணைத்துப் பாருங்கள். பின்புறமுள்ள ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா, பவர் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் இணைத்துத் தொடங்குங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் மின்சாரம் தங்கியிருக்கும்.

2. விசிறி சுற்றுகிறது, திரை இருட்டாக இருக்கிறது

மானிட்டர் கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். சரியாகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் ராம் மீதுதான். 'பீப்' ஒலி விட்டுவிட்டு வந்தாலும் இதைப் பார்க்கலாம். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள்.

3. கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்துகள்

பூட் செய்ய டிஸ்க் இல்லை என்ற பொருளில் செய்தி வந்தால், செருகியிருக்கும் பென் டிரைவ்களை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். பல நேரங்களில் இதுவே போதும். இல்லையென்றால் பயாஸ் பகுதிக்குள் சென்று ஹார்ட் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அதன் கேபிளைச் சரிபாருங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் மீண்டும் மீண்டும் ஆன் செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் சேதம் கூடலாம். தகவல் மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது.

4. விண்டோஸ் பாதியில் நிற்கிறது

லோகோ வந்து நின்றாலோ, நீலத்திரை தோன்றினாலோ, புதிதாக இணைத்த பிரிண்டர் போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள். விண்டோஸ் 7 என்றால் தொடங்கும்போது எஃப்8 விசையைத் தட்டி சேஃப் மோடுக்குச் செல்லலாம். விண்டோஸ் 10, 11-இல் தொடக்கம் தொடர்ந்து சில முறை தோல்வியடைந்தால் பழுதுநீக்கும் திரை தானாகவே வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேரை முயலுங்கள். பிட்லாக்கர் 48 இலக்க எண்ணைக் கேட்டால், வேறு சாதனத்தில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த எண் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

ஃபார்மட் தவிர வழியில்லை என்றால்?

அப்போதும் முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பதுதான். வேறு கணினியில் உபுண்டுவை ஒரு பென் டிரைவில் தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்யுங்கள். நிறுவாமல், முயன்று பார்க்கும் வசதியை மட்டும் தேர்ந்தெடுத்தால் டிஸ்க்கிலுள்ள கோப்புகளைப் பிரதி எடுக்கலாம். இது முடியாதவர்கள் சர்வீஸ் கடையில் கணினியைக் கொடுக்கும்போதே, "கோப்புகளை எடுத்துத் தந்த பிறகுதான் ஃபார்மட்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே முக்கியமானவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதைக் கழற்றித் தனியே வைத்துவிட்டால் இந்தப் பதற்றமே நமக்கு வேண்டியதில்லை.